ரொட்டிக்காரர் நின்ற ரொட்டி வரிசை

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு ரொட்டியில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு குவார்ட் (ஏறக்குறைய ஒரு லிட்டர்) பீர். 1710 நவம்பரில், நியூயார்க் மாகாணத்தின் ஹட்சன் ஆற்றங்கரையில் குடியமர்த்தப்பட்ட ஜெர்மானிய அகதிகளுக்கு ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட படி இது. அந்த வரிசையில் நின்றவர்களில் ஒருவர் யோஹான் கொன்ராட் வைசர். ஊரில் அவருக்கு என்ன தொழில் என்றால், ரொட்டி சுடுவது.

கேட்டவுடன் சிரிப்பு வரும். தவசிப்பிள்ளையைக் கூட்டிவந்து கடைசிப் பந்தியில் உட்காரவைத்த கதை. ஆனால் அடுப்பின் சூட்டைக் கையை நீட்டியே சொல்லக்கூடிய மனிதர், எவனோ சுட்டு எவனோ அறுத்த துண்டுக்காகத் தட்டை நீட்டினார் என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். பீர் இன்னொரு கொடுமை. அவர்கள் திராட்சைத் தோட்ட நாட்டுக்காரர்கள். டிகிரி காப்பியில் வளர்ந்தவனுக்குக் கஷாயம் ஊற்றியது போல.

வைசரின் ஊர் வூர்ட்டம்பெர்க்கில் குரோஸ்அஸ்பாக். பிரெஞ்சுப் படைகள் வருவதும் எரிப்பதும் அந்தப் பக்கத்து ரைன் நாடுகளுக்குப் பழகிப்போன சங்கதி. 1709-இன் குளிர் வேறு வகை. கொடிகள் வேரோடு செத்தன. திராட்சைக்கொடி செத்தால் ஒரு வருட விளைச்சல் போவதோடு முடியாது. புதுக்கொடி நட்டு, அது காய்க்கச் சில வருடங்கள் காத்திருக்க வேண்டும். அந்த மே மாதம் பதினாறாவது பிள்ளையைச் சுமந்தபடியே வைசரின் மனைவி இறந்துபோனார். ஜூன் 24-ஆம் தேதி, வீடு, வயல், புல்வெளி, திராட்சைத் தோட்டம் எல்லாவற்றையும் கட்டிக்கொடுத்த மூத்த மகளிடம் விட்டுவிட்டு, எட்டுப் பிள்ளைகளோடு அவர் கிளம்பினார். அவர்களில் ஒருவன் பன்னிரண்டு வயதுக் கொன்ராட். இந்த விவரங்களைப் பின்னாளில் எழுதிவைத்தவன் அவன்தான்.

அந்தப் பகுதியெங்கும் ஒரு சிறு புத்தகம் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே இங்கிலாந்து ராணி ஆனின் படம், தலைப்பு தங்க எழுத்தில். அமெரிக்காவில் நிலம் சும்மா கிடக்கிறது என்பது அதன் சாரம். ஏஜென்ட் ஆபீஸின் பளபளப்புத் தாள்களுக்கு முன்னோடி என்று சொல்லலாம். அதை நம்பி அந்த ஆண்டு லண்டனுக்கு வந்து சேர்ந்தவர்கள் சுமார் 13,000 பேர். பிளாக்ஹீத் திடலில் ராணுவக் கூடாரங்கள் போட்டார்கள். கொஞ்சப் பேரை அயர்லாந்துக்கு அனுப்பினார்கள், கொஞ்சப் பேரைக் கரோலினாவுக்கு. ஏறக்குறைய மூவாயிரம் பேரைப் பத்துக் கப்பல்களில் நியூயார்க்குக்கு ஏற்றினார்கள். டிசம்பரில் ஏறியவர்கள், கப்பல் ஏப்ரலில்தான் கிளம்பியது. அடைந்துகிடந்த மாதங்களில் டைஃபஸ் காய்ச்சல் புகுந்து, கரை சேருமுன் சுமார் 470 பேர் போய்விட்டார்கள். இறங்கியதும் அநாதைப் பிள்ளைகளைக் கவர்னர் ராபர்ட் ஹன்டர் வேலை பழக ஒப்பந்தம் எழுதி வெளியாட்களிடம் கொடுத்தார். அப்பன் உயிரோடு இருந்த பிள்ளைகளும் தப்பவில்லை. கொன்ராடின் தம்பிகள் இருவர் லாங் ஐலண்டுக்குப் போனார்கள். அப்பா நோயில் கிடந்தபோது வாங்கிய சம்மதம் என்று அவன் எழுதியிருக்கிறான்.

கப்பல் கூலிக்கும் சாப்பாட்டுக்கும் ஈடாக அவர்கள் செய்துதர வேண்டியது தார். கடனை அடைத்தபின் தலைக்கு 40 ஏக்கர். பிரிட்டிஷ் கடற்படைக்குக் கயிற்றில் பூச, பலகை இடுக்கில் அடைக்கத் தார் வேண்டும். விற்பவர்கள் சுவீடன்காரர்கள், வைத்ததே விலை. அதனால் ரொட்டிக்காரர், திராட்சைக்காரர், நெசவாளர் எல்லோர் கையிலும் கோடாரி.

முறை இப்படி. இளவேனிலில் சாறு மேலேறும்போது பைன் மரத்தின் வடக்குப் பக்கக் கால்வட்டத்தில் மட்டும் சுமார் இரண்டடி உயரத்துக்குப் பட்டையை உரிக்க வேண்டும். வடக்கு ஏன் என்றால், அந்தப் பக்கம் வெயில் குறைவு, பிசினை வெளியே இழுத்து வீணாக்காது. இலையுதிர் காலத்தில் தெற்கு, அடுத்த இளவேனிலில் கிழக்கு, அதற்கடுத்த இலையுதிரில் மேற்கு. ஒவ்வொரு முறையும் முன்னதைவிடச் சற்று உயரமாக. இரண்டு வருடத்தில் அடிமரம் பிசின் ஊறிக் கனத்திருக்கும். பிறகுதான் வெட்டுவது. சிம்பு சிம்பாகப் பிளந்து, நடுவை நோக்கிச் சரியும் களிமண் தரையில் வட்டமாக அடுக்கி, மேலே புல்லோடு வெட்டிய மண்கட்டிகளால் மூடி, உச்சியிலிருந்து தீயை வைக்க வேண்டும். தீ கொழுந்துவிடக் கூடாது, உள்ளுக்குள்ளேயே கனிய வேண்டும். எங்காவது மூட்டம் விரிந்து காற்று புகுந்தால் தாரே எரிந்துபோகும். இரவெல்லாம் ஒருவர் சுற்றிவந்து விரிசலில் மண் அப்பிக்கொண்டே இருக்க, அடியில் பதித்த மரக்குழாய் வழியே தார் பீப்பாய்க்குச் சொட்டும்.

1711-இல் ஏறக்குறைய ஒரு லட்சம் மரங்களுக்குப் பட்டை உரித்தார்கள். பிள்ளைகள் காட்டில் கிடந்த பைன் முடிச்சுகளைப் பொறுக்கினார்கள். மொத்தம் கிடைத்தது சுமார் 200 பீப்பாய். கற்றுக்கொடுக்க வந்த அதிகாரி நியூ இங்கிலாந்துக்குப் போனவர் திரும்பவில்லை. அது ஒரு காரணம். பெரிய காரணம் மரம். தாருக்கு வேண்டியது பிசின் மிகுந்த முரட்டு பைன். ஹட்சன் கரையில் அவர்கள் முன்னால் நின்றதில் பெரும்பாலும் வெள்ளை பைன். பாய்மரத்துக்கு அருமையானது, தாருக்கு உதவாதது. எள்ளே இல்லாத செக்கை இரண்டு வருடம் சுற்றச் சொன்ன மாதிரி.

ரேஷனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். முகாமுக்கு 6,000 ஏக்கரை விற்ற பெரும்பண்ணைக்காரர் ராபர்ட் லிவிங்ஸ்டன்தான் ரொட்டிக்கும் பீருக்கும் கான்ட்ராக்ட் எடுத்தவர். நிலமும் அவருடையது, சாப்பாடும் அவருடையது. மாவு மட்டம், எடை குறைவு என்று புகார்கள். தமிழ் வாசகர் யாருக்கும் இந்தப் பத்தியை விளக்க வேண்டியதில்லை. லண்டனில் ஆட்சி மாறியது. புதியவர்கள் பணம் தர மறுத்தார்கள். 1712 செப்டம்பரில் ஹன்டர் கையை விரித்தார். குளிர்காலம் வாசலில் நிற்கும்போது, இனி அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் மாகாணத்தை விட்டுப் போகக் கூடாது என்று அறிவிப்பு.

அவர்கள் போனது மேற்கே ஸ்கோஹாரி பள்ளத்தாக்குக்கு. அது தங்களுக்காகவே ராணிக்கு மோஹாக் என்ற பூர்வகுடி மக்கள் கொடுத்த நிலம் என்று நம்பினார்கள். லண்டன் வந்த மோஹாக் தலைவர்கள் கூடாரங்களில் அகதிகளைக் கண்டு இரங்கினார்கள் என்றுகூட ஒரு கதை. தேதி ஒத்துவரவில்லை: அந்தத் தலைவர்கள் ராணியைச் சந்தித்தது 1710 ஏப்ரலில், நியூயார்க் போகிறவர்கள் அதற்கு மாதங்கள் முன்பே கப்பலேறிவிட்டார்கள். இருந்தாலும் அந்தக் கதையை அவர்கள் விடவில்லை. பட்டா இல்லாதவனுக்குக் கதைதான் பட்டா.

பெரிய வைசர் தன் பதினாறு வயது மகனை மோஹாக் தலைவர் ஒருவரோடு அனுப்பிவைத்தார், மொழி படிக்க. 1712 முடிவிலிருந்து அடுத்த ஜூலை வரை. உடுத்த ஒழுங்கான துணியில்லாமல், அந்த வீட்டிலும் பஞ்சம், குடித்தவர்களுக்குப் பயந்து பலமுறை ஒளிந்திருக்கிறான். இவ்வளவுக்கும் பிறகு அவனுக்கு அந்த மொழி வந்துவிட்டது. நம்மவர் பிள்ளைகளைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படும் கவலையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது, திசைதான் வேறு.

ஸ்கோஹாரியில் சோளம் போட்டார்கள். அது விளையும்வரை மோஹாக் மக்கள் காட்டிக்கொடுத்த காட்டுக்கிழங்கும் நிலக்காயும். மாவு வேண்டுமென்றால் 35, 40 மைல் போய்க் கையேந்த வேண்டும். உழுவதற்கு இங்கே ஒரு குதிரை, அங்கே ஒரு பசு என இரவல் வாங்கி, இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டினார்கள். குதிரையின் நடை வேறு, பசுவின் நடை வேறு. சால் எப்படிப் போயிருக்கும் என்று ஏர் பிடித்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்து எல்லைக் குடியிருப்புகளில் மில் இல்லாத இடத்தில் சோளத்தைக் குத்தியது மரத்தடி உரலில்: வெட்டிய மரத்தின் அடித்தூரில் நெருப்புக் கனலை வைத்துக் குழித்து, கருகியதைச் சுரண்டி, மறுபடி கனல் வைத்து ஆழமாக்குவது. உலக்கையை மேலே வளைத்துக் கட்டிய இளமரத்தில் தொங்கவிட்டால், குத்தியபின் அதுவே தூக்கிக்கொள்ளும். நம் பாட்டிமார் கண்டிருந்தால் ஒன்று கேட்டு வாங்கியிருப்பார்கள்.

அடுத்த இடி ஆல்பனியிலிருந்து வந்தது. அங்கிருந்த செல்வர்கள் சிலர் அதே பள்ளத்தாக்குக்குக் கவர்னரிடம் முறையாகப் பத்திரம் வாங்கிவிட்டார்கள். வைசரைப் பிடிக்க வந்த ஷெரிஃப் ஆடம்ஸை, மக்டலேனா ஸே என்ற பெண் தலைமையில் ஊர்ப் பெண்கள் பன்றிகள் புரளும் சேற்றில் இழுத்து, மரக்கம்பில் ஏற்றி மைல்கணக்கில் தூக்கிப்போய்ப் போட்டார்கள் என்று ஸ்கோஹாரியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். பத்திரம் அதனால் மாறிவிடவில்லை. 1718-இல் பெரிய வைசரும் இருவரும் லண்டனுக்கு முறையிடப் புறப்பட்டார்கள். வழியில் கடற்கொள்ளை, போன இடத்தில் கடனுக்குச் சிறை. 1723-இல் வெறுங்கையோடு திரும்பினார்.

அதே ஆண்டு பல குடும்பங்கள் ஸ்கோஹாரியை விட்டன. சஸ்கெஹன்னா ஆற்றின் தலைப்புவரை காட்டில் வழி வெட்டி, அங்கே படகு கட்டி, ஆற்றோடு தெற்கே மிதந்து, ஸ்வடாரா ஓடை கலக்குமிடத்தில் திரும்பி, எதிரோட்டத்தில் ஏறி, பென்சில்வேனியாவின் டல்பெஹாக்கன் போய்ச் சேர்ந்தார்கள். மாடுகள் தரைவழி. மனைவி மக்களோடு கொன்ராட் அங்கே போனது 1729-இல். பத்திரமில்லாத நிலத்துக்காக அழுதவர்கள் இப்போது உட்கார்ந்தது லெனாப்பே என்ற இன்னொரு பூர்வகுடி மக்கள் இன்னும் விற்காத நிலத்தில். தலைவர் சசூனன் 1728-இல் பிலடெல்பியாவுக்கே வந்து குறைசொன்னார். விலை பேசி முடிந்தது 1732-இல். கொன்ராட் அந்தக் காலத்தில்தான் மாகாணத்துக்கும், மோஹாக் உள்ளிட்ட பூர்வகுடிகளின் கூட்டமைப்பான இரகுவா மக்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகப் பேர் வாங்கத் தொடங்கினான். பட்டினியில் கற்ற மொழிதான் சோறு போட்டது.

டல்பெஹாக்கனில் அவர்கள் ஊன்றிவிட்டார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அடுப்பைப் பார்த்தால் நம்பலாம். பென்சில்வேனிய ஜெர்மானியர் வீடுகளில் வாரம் ஒருநாள் சுடும் நாள். கம்பும் கோதுமையும் போல இரண்டு மாவு, அங்கே ரையும் கோதுமையும். ரை வைக்கோலைக் கயிறாகச் சுற்றித் தைத்த கூடையில் மாவு பொங்க வைப்பார்கள். அடுப்புக்குள்ளேயே விறகை அடுக்கி இரண்டு மணிநேரம் எரித்தால் கூரைக் கல்லில் படிந்த கரி எரிந்து கல் வெளுக்கும், அது பதம். கங்கை வழித்துத் தள்ளி, ஈரத்துணியால் தரையைத் துடைத்து, ஒரு சிட்டிகை மாவு தூவுவது. உடனே கருகினால் பொறு. மெல்லச் சிவந்தால் உள்ளே தள்ளு. அவசரப்பட்டால் மேல்தோல் கருகி நடுவில் பச்சை மாவு. ரொட்டி வெந்தபின் பழப் பணியாரம். அதன்பின் மிச்சச் சூட்டில் அரிந்த ஆப்பிளை உலர்த்துவது. ஒரு தீயில் மூன்று வேலை. மூன்றில் ஒரு பங்கு ரொட்டியின் கணக்கை அவர்கள் இப்படித்தான் நேர்செய்தார்கள் போலும்.

1745-இல் கொன்ராடின் மகள் அன்னா மரியா, ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த பாதிரியார் ஹென்றி மெல்கியோர் ம்யூலன்பெர்க்கை மணந்தாள். ஹாலே நமக்கும் பழக்கமான பேர். சீகன்பால்குக்குத் தரங்கம்பாடி அச்சகத்துக்கான தமிழ் எழுத்துருக்கள் போனது அங்கிருந்துதான். ம்யூலன்பெர்க்கையும் முதலில் இந்தியாவுக்கு அனுப்பத்தான் யோசனை. அது நடந்திருந்தால் அவர் கடிதங்களில் பனிக்குப் பதில் புழுக்கம் இருந்திருக்கும்.

அவர் தன் மூன்று மகன்களை 1763-இல் ‘ஊருக்கு’ அனுப்பினார், ஹாலேயில் படிக்க. மூத்தவன் பீட்டருக்குப் படிப்பு ஏறாது என்று லூபெக் நகரில் ஒரு மளிகைக் கடையில் வேலை பழகவிட்டார்கள். ரொட்டிக்காரரின் கொள்ளுப்பேரன் தராசுக்குப் பின்னால். அவன் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு பிரிட்டிஷ் படையில் சேர்ந்து அமெரிக்கா திரும்பிவிட்டான். அப்பாவின் ஊர் மகனுக்கு அந்நிய ஊர். அடுத்தவன் ஃபிரடெரிக் ஒழுங்காகப் படித்துத் திரும்பினான். 1789-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் முதல் சபாநாயகர் அவன்தான். 1795 ஜனவரியில் சட்டங்களை ஜெர்மனிலும் அச்சிடக் கேட்ட மனு சபைக்கு வந்தபோது, அதன் மீதான ஒரு வாக்கெடுப்பு 42-க்கு 41 என்று தோற்றது. ஃபிரடெரிக்கின் ஓட்டால்தான் ஜெர்மன் ஆட்சிமொழியாகாமல் போனது என்று பிறகு கட்டுக்கதை பரவியது. ஆட்சிமொழி பற்றி ஓட்டெடுப்பே நடக்கவில்லை. ஆனாலும் அந்தக் கதையை யார் ஆசையாசையாகச் சொல்லியிருப்பார்கள் என்பது தெரிகிறது.

பெரிய வைசர் இதையெல்லாம் பார்க்கவில்லை. மகன்போன இடத்துக்கு அவர் கூடவே போகவுமில்லை. நியூயார்க் பக்கமே இருந்துவிட்டார். 1746-இல், எண்பதைத் தாண்டிய வயதில், நடக்க முடியாத நிலையில் டல்பெஹாக்கன் வந்து சேர்ந்து கட்டிலில் படுத்தார். பேரப்பிள்ளைகளை அருகில் வரச்சொல்லி, பைபிளின் யாக்கோபைப் போல ஆசி கூறிவிட்டுக் கண்மூடினார் என்று பேத்தியின் கணவர் ம்யூலன்பெர்க் ஹாலேக்கு எழுதினார். அந்த வருடமே, அக்டோபர் 1-ஆம் தேதி, ட்ராப் என்ற ஊரில் பீட்டர் பிறந்தான்.