33-ல் 30: கல்லாவுக்கே போகாத டாலர்கள்

நான் சேர்க்கிற அமெரிக்க நினைவு வெள்ளி டாலர்களில் 30-வது நாணயம் போன வாரம் கைக்கு வந்தது. இன்னும் மூன்று பாக்கி. அந்த மூன்றும் என்னைப் படுத்துகிற பாட்டை எழுதி வைப்போம் என்றுதான் உட்கார்ந்தேன்.

கணக்கு இதுதான். லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கை முன்னிட்டு அமெரிக்க நாணயச்சாலை 1983-ல் ஒரு வெள்ளி டாலர் அடித்தது. அதில் தொடங்கி 1996 வரை வந்த நினைவு வெள்ளி டாலர்களில் வடிவத்துக்கு ஒன்று என்று எடுத்தால் 33 வரும். எல்லாமே 26.73 கிராம், 90 சதவீதம் வெள்ளி. சட்டப்படி ஒரு டாலர் பணம்தான். ஆனால் எந்தக் கல்லாவுக்கும் போனதில்லை. நாணயச்சாலையே கூடுதல் விலை வைத்துச் சேகரிப்பவர்களிடம் விற்றது. அந்தக் கூடுதலில் ஒரு பங்கு நன்கொடையாகப் போகும். “ஏங்க, இதைக் கொடுத்தா ஒரு காபியாவது தருவானா?” என்று கேட்டாள் மனைவி. ஒரு டாலருக்கு இப்போது எங்கே காபி கிடைக்கிறது?

ஒவ்வொரு வடிவமும் இரண்டு விதமாக வரும். ஒன்று ப்ரூஃப்: தளம் கண்ணாடி மாதிரி இருக்கும், உருவம் மட்டும் பனி படிந்ததுபோல வெளுத்துத் தெரியும். இன்னொன்று அன்சர்குலேட்டட்: அடக்கமான மினுக்கம். எனக்கு இரண்டாவதுதான். ரசனை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், முதல் ஆறு மாதத்தில் ஒரு ப்ரூஃபை நானே கெடுத்தேன். 1987-ல் வந்த அரசியல் சட்ட இருநூறாண்டு டாலர் அது, இறகுப் பேனா போட்டது. மேலே மெல்லிய பால் படலம் மாதிரி இருந்தது. நாணயத்தை மூடியிருந்த பிளாஸ்டிக் கேப்சூலைத் திறந்து, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பனியன் துணியால் ஒரே ஒரு தடவை துடைத்தேன். படலம் அப்படியே இருந்தது. விளக்குக்கு நேரே சாய்த்தால் தளம் முழுக்க முடி முடியாகக் கீறல். இன்றும் மேஜை மேல்தான் கிடக்கிறது, காகிதம் பறக்காமல் இருக்க.

அசிட்டோன் பாடம் அதற்கப்புறம். 1984 டாலர் ஒன்று, லாஸ் ஏஞ்சலஸ் கொலீசியம் மைதானத்தின் வாசலில் நிற்கும் தலையில்லாத இரண்டு சிலைகள் பொறித்தது (முதல் முறை பார்த்தபோது அச்சுப் பிழையோ என்றுகூட நினைத்தேன்), பழைய பிவிசி பிளாஸ்டிக் உறைக்குள் இருந்து வந்தது. விளிம்பில் பச்சையாகப் பிசுபிசுப்பு. நகப்பூச்சு அகற்றும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், சுத்த அசிட்டோன்தான். ஜன்னலைத் திறந்து வைத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, நாணயத்தைப் போட்டுப் பத்து நிமிடம் விட்டேன். விளிம்பைப் பிடித்துத் தூக்கி, புது அசிட்டோனில் ஒருமுறை அலசி, துடைக்காமல் நிறுத்தி வைத்தேன். பச்சை போயே போய்விட்டது.

வாங்கியதில் பாதிக்கு மேல் ஒரே கடையில், அதுவும் உருக்கப் போகிற தட்டிலிருந்து. பெட்டியும் சான்றிதழும் தொலைந்த டாலர்களை அந்தத் தட்டில் போட்டு வைப்பார் கடைக்காரர். சேர்ந்ததும் எடை போட்டு அனுப்பிவிடுவார். வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் நமக்கு. 1986 சுதந்திர தேவி டாலரெல்லாம் அதில் எப்போதும் இருக்கும். ப்ரூஃப் மட்டுமே 60 லட்சத்துக்கு மேல் விற்றதாயிற்றே. ஆனால் வெள்ளி ஏறும்போதெல்லாம் உலைக்குப் போவதும் அதே நாணயங்கள்தான். அச்சடித்த எண்ணிக்கை கேட்டலாக்கில் இருக்கிறது, மிஞ்சியது எத்தனை என்பது அதில் இல்லை. அதனால் ‘எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்’ என்று ஒதுக்குவதை நான் விட்டுவிட்டேன்.

இப்படியே 29 வரை வந்தாயிற்று. நடுவில் 1996 சமூக சேவை டாலர்தான் கொஞ்சம் இழுத்தடித்தது. அன்சர்குலேட்டடில் 23,500 மட்டுமே விற்றது. அதற்கப்புறம் பாக்கி அட்லாண்டாவின் 1996 டாலர்கள் நான்கு.

அட்லாண்டா ஒலிம்பிக்குக்காக 1995, 1996 இரண்டு வருடத்தில் மட்டும் 16 நாணயம் அடித்தார்கள். அதில் வெள்ளி டாலர் எட்டு, வருடத்துக்கு நான்கு. இரண்டு விதமும் வேண்டுமென்றால் 32 வாங்க வேண்டும், யாரால் முடியும்? 1994-லேயே ஐந்து நினைவு டாலர் வந்து சேகரிப்பவர்களுக்குத் திகட்டிப் போயிருந்தது. வாங்கியவர்களும் பளபளப்பு என்று ப்ரூஃப் பக்கம் போய்விட்டார்கள். 1996-ன் நான்கும் டென்வரில் அடித்த அன்சர்குலேட்டடில் இப்படி நின்றன: துடுப்புப் படகு 16,258, டென்னிஸ் 15,983, உயரம் தாண்டுதல் 15,697, சக்கர நாற்காலி வீரர் 14,497. அன்று சீந்துவாரில்லை, இன்று எனக்குக் கட்டுப்படியாகவில்லை. இந்தக் கூத்துக்கெல்லாம் சேர்த்துத்தான் 1996-ல் சட்டம் போட்டு, 1999 முதல் வருடத்துக்கு இரண்டு நினைவுத் திட்டம் போதும் என்று நிறுத்தினார்கள். எனக்கு அந்தச் சட்டம் ஒரு வருடம் முன்னாலேயே வந்திருக்கலாம்.

துடுப்புப் படகு ஒரு நாணயக் கண்காட்சியில் கிடைத்தது. நாணயச்சாலையின் அசல் கேப்சூலில், பெட்டி இல்லாமல். விற்றவர் மூன்று முறை விலையைக் குறைத்தார், நான் மூன்று முறை மேஜையைச் சுற்றி வந்தேன். டென்வரைக் குறிக்கும் டி முத்திரையை லென்ஸில் இரண்டு தடவை பார்த்த பிறகுதான் பணத்தை எடுத்தேன். ப்ரூஃபில் அந்த இடத்தில் பிலடெல்பியாவின் பி இருக்கும், விலையோ அதில் சிறு பங்குதான்.

அதே மேஜையில் சக்கர நாற்காலியும் இருந்தது. மற்ற இடங்களில் கேட்ட விலையைவிடக் குறைவு. சாய்த்துப் பார்த்தேன்: வீரருக்குப் பக்கத்தில் வெறும் தளத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, பழுப்பாக, வரி வரியாக. வெள்ளியில் இவ்வளவு ஊறிய ரேகை அசிட்டோனுக்கு அசையாது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் ஆகிறது. விற்றவரின் அட்டை இன்னும் சட்டைப் பையில்தான் இருக்கிறது.