குடிசையா, கோடரியா?

1947 ஜூலை 6, 7 தேதிகளில் சில்ஹெட் மாவட்டத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. இரண்டே சின்னம். குடிசைக்குப் போட்டால் அசாமோடு இருப்பது, அதாவது இந்தியா. கோடரிக்குப் போட்டால் கிழக்கு வங்கம், அதாவது பாகிஸ்தான். எண்ணி முடித்தபோது கோடரிக்கு 2,39,619, குடிசைக்கு 1,84,041. வித்தியாசம் 55,578. கணக்கு தெளிவு, மக்கள் தீர்ப்பு தெளிவு என்று பாடப்புத்தகம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

ஆனால் அந்த வாக்காளர் பட்டியலைக் கொஞ்சம் புரட்டுங்கள். வயது வந்த எல்லோருக்கும் வாக்கு இல்லாத காலம் அது. சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் பெயர் சேர்ப்பார்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் தனித் தொழிலாளர் தொகுதியின் பட்டியலில் இருந்தார்கள். அந்தப் பட்டியலை இந்த வாக்கெடுப்பில் சேர்க்கவில்லை. தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் 'ஊர்க்காரர்' கணக்கில் வரவில்லை. (அடுத்த ஆண்டே இலங்கையில் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருக்கு என்ன செய்தது என்பது நமக்குத் தெரியும். தோட்டத்து ஆளை ஊராகச் சேர்க்காத பழக்கம் ஓர் ஊரோடு நின்றதில்லை.) கடைசியில் இந்தியா, பாகிஸ்தான் எல்லையான ராட்கிளிஃப் கோடு வந்தபோது, கிழக்கு வங்கத்தோடு போன அதே மாவட்டத்தில் கரீம்கஞ்ச் பக்கம் மூன்றரை காவல் சரகங்கள் இந்தியாவிலேயே தங்கின. வாக்கு ஒட்டுமொத்தமாக எண்ணப்பட்டது, நிலம் துண்டாகப் பிரிந்தது.

தகராறிலுள்ள எல்லைப் பகுதி தன் எதிர்காலத்தைத் தானே முடிவு செய்யலாமா என்று கேட்டால், தாராளமாகச் செய்யட்டும் என்பதுதான் என் பதில். 'செய்யலாம்' என்று சொல்பவர்கள் அடுத்து வாக்குப்பெட்டியைத் தேடி ஓடுவதுதான் பிரச்சினை. பெட்டி கடைசி வேலை. யார் பெயர் பட்டியலில் இருக்கும், எந்த அலகாக எண்ணுவது, அன்றைக்குத் துப்பாக்கி யார் கையில், மறுநாள் என்ன நடக்கும்: இந்த நான்கையும் எழுதிக் கையெழுத்துப் போடாமல் தேதி குறித்தால் அது வாக்கெடுப்பு இல்லை, சண்டைக்கு நாள் பார்ப்பது.

பட்டியல் எப்படி ஒரு தேசத்தையே நிறுத்தி வைக்கும் என்பதற்கு, ஆப்பிரிக்காவின் வடமேற்கில் முன்பு ஸ்பெயின் ஆண்ட மேற்கு சஹாராவை விஞ்ச ஆளில்லை. 1991 செப்டம்பர் 6இல் அதை உரிமை கோரும் மொராக்கோவுக்கும் தனிநாடு கேட்கும் பொலிசாரியோ முன்னணிக்கும் போர் நிறுத்தம். 1992 ஜனவரியில் வாக்கெடுப்பு என்று ஐ.நா. திட்டம். கையிலிருந்த ஒரே அடிப்படை 1974இல் ஸ்பெயின் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு. அதில் உள்ளூர் சஹராவிகள் சுமார் 74,000 பேர். மேய்ச்சலுக்காக எல்லை தாண்டிப் போய்வரும் கூட்டத்தை ஒரு நாள் கணக்கில் பிடிக்க முடியுமா? அதனால் ஐந்து தகுதிகள் வகுத்தார்கள். கணக்கில் பெயர் இருப்பவர். அப்போது அங்கே வாழ்ந்தும் விடுபட்டவர். இவர்களின் நெருங்கிய குடும்பத்தார். அந்த மண்ணில் பிறந்த சஹராவித் தகப்பனின் பிள்ளை. கடைசியாக, 1974 டிசம்பர் 1க்கு முன் தொடர்ச்சியாக 6 ஆண்டோ, விட்டு விட்டு 12 ஆண்டோ அங்கே வாழ்ந்த பழங்குடியினர்.

காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. பாலைவனத்தில் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? 1994 ஆகஸ்டில் அடையாளம் காணும் வேலை தொடங்கியது. விண்ணப்பதாரர் வந்து உட்காருவார். எதிரே அவருடைய கிளைக் குலத்தைச் சேர்ந்த இரண்டு ஷேக்குகள் (குலத் தலைவர்கள்), மொராக்கோ தரப்பில் ஒருவர், பொலிசாரியோ தரப்பில் ஒருவர். இவன் யார் மகன், எந்தக் கிளை என்று வாய்மொழியாகச் சாட்சி சொல்வார்கள். ஒருவர் 'தெரியும்' என்பார், மற்றவர் 'கண்டதே இல்லை' என்பார். ஒரு தரப்பு ஆளே அனுப்பாவிட்டால் அன்றைய வேலை நின்றுவிடும். 1996 மேயில் எல்லாமே நின்றது. 1997இல் ஹூஸ்டனில் பேசித் திரும்பத் தொடங்கி, 1999 இறுதியில் முடித்தார்கள். நேரில் வந்தவர்கள் சுமார் 1,98,000 பேர், தேறியவர்கள் 86,000 சொச்சம். அதன்மேல் 1,30,000க்கும் அதிகமான மேல்முறையீடுகள். ஒவ்வொன்றுக்கும் மறுபடி ஷேக், மறுபடி சாட்சி. வாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை.

மொராக்கோ வேண்டுமென்றே ஆட்களைத் திணித்தது என்பார்கள் ஒரு பக்கம். பொலிசாரியோ தன் சொந்தக் குலத்தாரையே வெளியே தள்ளியது என்பார்கள் மறுபக்கம். என் கண்ணுக்குப் படும் கோளாறு வேறு. பட்டியல் முடிந்ததும் முடிவைச் சொல்லிவிடலாம் என்ற நிலை. யார் ஜெயிப்பார் என்று முன்னாலேயே தெரிந்துபோனால், தோற்கப்போகிறவர் பட்டியலை எதற்கு முடிக்க விடுவார்?

எண்ணும் அலகுக்கு ஷ்லெஸ்விக். டென்மார்க், ஜெர்மனி எல்லையில், 1864 போரில் டென்மார்க் இழந்த பகுதி. 1866 பிராக் உடன்படிக்கையில் வடபகுதி மக்களைக் கேட்போம் என்று வாக்குறுதி. பிறகு பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து அந்த வரியையே நீக்கிவிட்டன. முதல் உலகப்போருக்குப் பிந்தைய வெர்சாய் உடன்படிக்கை வந்துதான் 1920இல் வாக்கெடுப்பு. உடன்படிக்கை அமலுக்கு வந்து பத்து நாளுக்குள் ஜெர்மன் படையும் அதிகாரிகளும் வெளியேறி, ஃபிளென்ஸ்பர்க்கில் ஒரு சர்வதேசக் குழு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 20 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோருக்கும் வாக்கு. அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது 1900க்கு முன்பே குடியேறியிருக்க வேண்டும், அல்லது ஜெர்மன் அரசால் வெளியேற்றப்பட்டவராக இருக்க வேண்டும்.

சூட்சுமம் எண்ணிக்கையில். வடக்கு மண்டலம் பிப்ரவரி 10இல் ஒரே மூட்டையாக எண்ணப்பட்டது: டென்மார்க்குக்கு சுமார் 75 சதவீதம், முழு மண்டலமும் அங்கே. தெற்கு மண்டலம் மார்ச் 14இல் ஊர் ஊராக எண்ணப்பட்டது: ஜெர்மனிக்கு 80 சதவீதம். மூட்டையாக எண்ணியதில் சிக்கியது டோனர் நகரம். அங்கே 77 சதவீதம் ஜெர்மனிக்கே போட்டார்கள், ஊர் டென்மார்க்குக்குப் போனது. எல்லையை டோனருக்கு வடக்கே தள்ளும் 'டீட்யே கோடு' என்ற மாற்று எல்லையை ஜெர்மன் தரப்பு முன்வைத்தும் எடுபடவில்லை. தெற்கில் ஃபோர் தீவின் மூன்று குட்டி ஊர்கள் டேனிஷ் பக்கம் போட்டன. அவை எல்லையைத் தொடாததால் ஜெர்மனியிலேயே நின்றன. ஆக, ஊர்வாரியாக எண்ணினாலும் தொடர்ச்சியான நிலம் இல்லாத ஊரின் வாக்கு வெறும் எண்தான்.

துப்பாக்கி விஷயத்தை நீட்டத் தேவையில்லை, இந்தோனேசியாவின் பிடியிலிருந்த கிழக்குத் திமோர் போதும். 1999 மே 5 ஒப்பந்தம் பாதுகாப்பை இந்தோனேசியப் போலீசிடமே விட்டது. எந்த ஊர் எப்படிப் போட்டது என்று தெரியக்கூடாது என்பதற்காக எல்லாப் பெட்டிகளையும் டிலிக்குக் கொண்டுவந்து கலந்து எண்ணினார்கள். நல்ல யோசனை. பிரிவினைக்கு 78.5 சதவீதம் என்று அறிவித்ததும் ஆயுதக் கும்பல்கள் ஊர் பார்க்காமல் நாட்டையே எரித்தன. பன்னாட்டுப் படை வந்திறங்கியது செப்டம்பர் 20இல். அதே படை வாக்கெடுப்பு நடந்த ஆகஸ்டிலேயே வந்திருக்க வேண்டும்.

மறுநாள் கணக்கைப் பலரும் மறந்தே போகிறார்கள். பாப்புவா நியூ கினியின் தீவுப் பகுதியான பூகன்வில்லில் 2019இல் 97.7 சதவீதம் தனிநாடு கேட்டது. ஆனால் முடிவு அந்நாட்டு நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று 2001 அமைதி ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அதற்குப் பின் வருடக்கணக்கில் பேச்சு. ஒருவகையில், துப்பாக்கியைக் கீழே வைக்க வைத்ததே அந்த மங்கலான வரிதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தோற்றவரை என்ன செய்வது? ஷ்லெஸ்விக்கில் இதற்கு 35 ஆண்டு பிடித்தது. 1955இல் மேற்கு ஜெர்மனித் தலைநகர் பானும் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனும் தனித்தனி அறிக்கை வெளியிட்டன. நான் டேனிஷ், நான் ஜெர்மன் என்று ஒருவர் சொன்னால் சொன்னதுதான்; எந்த அதிகாரியும் சோதிக்கக்கூடாது. மேற்கு சஹாராவில் இரண்டு ஷேக்குகளை உட்கார வைத்தும் தீராத கேள்வியை இங்கே கேட்பதையே விட்டுவிட்டார்கள். ஜெர்மனியில் நாடாளுமன்றத்துக்குள் நுழையக் கட்சிகளுக்கு வைத்திருக்கும் 5 சதவீத வாக்கு வரம்பு டேனிஷ் சிறுபான்மைக் கட்சிக்குக் கிடையாது. 2021இல் அக்கட்சி கூட்டாட்சி நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பியது. எல்லைக்கு வடக்கே, 77 சதவீதம் போட்டும் தோற்ற டோனரில் ஜெர்மன் பள்ளி இன்றும் நடக்கிறது.