கல் இல்லாத கரையிலிருந்து கடல்மல்லைக்கு

எங்கள் கரையின் பெருங்கதையே கல் நேரத்துக்கு வந்து சேராத கதைதான். இலங்கையிலிருந்து திரும்பிய இராமர் சிவபூசை செய்ய விரும்பி, இலிங்கம் கொண்டுவருமாறு அனுமனைக் கயிலைக்கு அனுப்பினார். குறித்த வேளைக்குள் அவர் திரும்பாததால், சீதை கடற்கரை மணலைக் கூட்டிப் பிடித்து இலிங்கமாக்கினார் என்பது இராமேசுவரத்துத் தலபுராணம். மூலவராக இன்றும் வழிபடப்படுவது அந்த இராமலிங்கமே. பின்னால் வந்து சேர்ந்த விசுவலிங்கத்துக்கு முதற்பூசை என்பது அனுமனின் மனம் ஆற இராமர் வகுத்த முறை. சிறு வயதிலிருந்து கேட்ட இக்கதையின் பொருள், கடல்மல்லை என்னும் மாமல்லபுரத்துக்கு என் தந்தையுடன் சென்ற பிறகுதான் எனக்கு வேறு விதமாகத் துலங்கியது.

அப்பா கொத்தனார். இராமநாதபுரம் மாவட்டத்தில் திருப்புல்லாணிக்கும் சேதுக்கரைக்கும் இடைப்பட்ட ஊர்களில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வீடு கட்டியவர். அவர் வேலை பழகிய நாளில் எங்கள் பகுதியில் கடலிலிருந்து வெட்டி எடுத்த பவளப்பாறைக் கல்லால் சுவர் வைப்பதும், அதையே சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குவதும் வழக்கத்தில் இருந்தன. இன்று பவளம் எடுப்பது தடை செய்யப்பட்டுவிட்டது. அது சரியான முடிவு என்றே அவரும் சொல்வார். கருங்கல் என்றால் எங்களுக்கு எப்போதும் எங்கிருந்தோ வண்டியில் வந்து இறங்கும் பொருள். ஆகவே, கடலோரத்திலேயே பாறை கிடக்கும் ஓர் ஊரை அவருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது. இரவு ரயிலில் புறப்பட்டுச் செங்கல்பட்டில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் திருக்கழுக்குன்றம் வழியாகச் சென்றோம்.

முதலில் ஐந்து இரதங்களுக்குப் போனோம். பாண்டவர் பெயரும் திரௌபதி பெயரும் பிற்காலத்தில் மக்கள் வழங்கியவை. மாமல்லன் எனப்பட்ட பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனின் காலத்தில், கி.பி. ஏழாம் நூற்றாண்டில், கிடந்த பாறையைச் செதுக்கியே உருவாக்கிய கோயில் வடிவங்கள் இவை. அப்பா நெடுநேரம் எதுவும் பேசாமல் தருமராச இரதத்தைச் சுற்றி வந்தார். பிறகு அதன் உச்சியிலிருந்து அடி வரை கையால் ஒரு கோடு இழுப்பதுபோல் காட்டி, "மேலேர்ந்து கீழ இறங்கியிருக்காங்க தம்பி. நாம அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிக் கீழேர்ந்து மேல போறோம். இவங்க கலசத்துல ஆரம்பிச்சு அடிக்கு வந்திருக்காங்க" என்றார். நூல்களில் படித்து நான் அறிந்திருந்ததை அவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டார். ஊருக்கு மேற்கே உள்ள பிடாரி இரதங்களையும் வலையன்குட்டை இரதத்தையும் பார்ப்பவர்கள் எவரும் இதை உணரலாம். அவற்றின் மேற்பகுதி உருவாகியிருக்க, கீழ்ப்பகுதி வெறும் பாறையாகவே நின்றுவிட்டது.

அவரை அதிகம் கலங்க வைத்தது வேறொன்று. செங்கல் சுவர் தூக்குக்குண்டுக்கு நிற்காவிட்டால் இடித்துவிட்டு மறுநாள் எழுப்பலாம். கூடுதலாகச் செதுக்கிய பாறையில் ஒரு சில்லைக்கூடத் திரும்ப ஒட்ட முடியாது. தூண் எங்கே, மாடம் எங்கே, உள்ளறை எவ்வளவு என்பதையெல்லாம் முதல் உளி விழுமுன்பே தீர்மானித்திருக்க வேண்டும். அந்த மனக்கணக்கை எண்ணியெண்ணி அவர் மருகினார் என்றே சொல்ல வேண்டும்.

திரௌபதி இரதத்தின் முன் அவர் முகம் மலர்ந்தது. கொற்றவைக்காக எடுக்கப்பட்ட அச்சிறு கோயில் ஓலைக்குடிசையின் வடிவம் கொண்டது. கூரையின் வளைவும் அது கீழே இறங்கும் சாய்வும் எங்கள் ஊர்ப் பனையோலை வீடுகளை அப்படியே நினைவூட்டின. ஒவ்வொரு புயலுக்கும் பறந்துபோய் மீண்டும் மீண்டும் வேயப்பட்ட ஒரு கூரை, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓர் ஓலையும் நழுவாமல் அங்கே நிற்கிறது.

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் மாமல்லனின் தந்தை முதலாம் மகேந்திரவர்மன் வெட்டுவித்த கல்வெட்டை அவருக்கு அப்போது எடுத்துச் சொன்னேன். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரமனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் இக்கோயிலை எடுத்தேன் என்று விசித்திரசித்தன் என்னும் பட்டப்பெயரால் அவ்வரசன் அதில் அறிவிக்கிறான். "நான் ஆயுசுல கையில எடுத்ததையெல்லாம் வேண்டாம்னு ஒதுக்கிட்டாரே ராசா" என்றார் அப்பா. குறையாக அன்று, வியந்துதான் சொன்னார்.

அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கிய காட்சி என்றும் இரு விதமாகச் சொல்லப்படும் பெருஞ்சிற்பத்தின் முன் அன்றைய பகல் பெரும்பாலும் கழிந்தது. சுமார் 96 அடி நீளமும் 43 அடி உயரமும் கொண்ட பாறைமுகம் அது. இயற்கையாகவே நடுவில் பிளந்திருக்கிறது. ஒரு கொத்தனாரின் கண்ணுக்கு விரிசல் என்பது பூசி அடைக்க வேண்டிய குற்றம். பல்லவச் சிற்பி அதையே ஆறாக்கி, அதில் நாகர்களை நீந்தவிட்டு, தேவர்களும் முனிவர்களும் வேடர்களும் யானைகளும் அந்தப் பிளவை நோக்கியே திரளும்படி செய்திருக்கிறான். தவக்கோலத்தில் நிற்கும் பூனை வரை அனைத்தும் தண்ணீரைச் சுற்றியே கூடியிருக்கின்றன. பாறையின் மேலே நீர்த்தொட்டி இருந்ததற்கான அடையாளம் இருப்பதால், விழாக்காலங்களில் உண்மையாகவே நீரை வழியவிட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தண்ணியில்லாக் காடு என்று ஊரார் பெயர் வைத்த சீமையில் பிறந்த எங்கள் இருவருக்கும், அந்த நீர் வழிவதைக் கற்பனை செய்துகொள்வது எளிதாகவே இருந்தது. குகைக் கோயில்களையும் உருண்டுவிடுவதுபோல் நிற்கும் வெண்ணெய்ப் பாறையையும் விரைந்து பார்த்து நகர்ந்தோம்; அங்கெல்லாம் கூட்டம் மிகுதி.

கடற்கரைக் கோயில் குடைந்தது அன்று. வெட்டிய கற்களை அடுக்கி, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பியது. இரண்டு சிவன் சன்னிதிகளும் அவற்றுக்கிடையே பள்ளிகொண்ட திருமாலும் உள்ள அக்கோயிலை அப்பா தம் தொழிலின் உறவுக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சிற்பங்களின் முகங்கள் உப்புக்காற்றால் தேய்ந்திருந்தன. உப்பு பூத்துப் பொரியும் சுவர்களோடு வாழ்நாளெல்லாம் போராடியவர் அவர்; கல்லில் ஏறிய உப்பைக் காகிதக் கூழ் அப்பி உறிஞ்சி எடுக்கிறார்கள் என்று நான் சொன்னதும், அந்தக் கூழை எத்தனை நாள் காயவிடுவார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தனுஷ்கோடியைப் பற்றிப் பேச்சு வந்தது. 1964 டிசம்பர் புயலில் ஒரே இரவில் அழிந்த அவ்வூரின் தேவாலயத்தில் எஞ்சி நிற்கும் சுவர்களும் பவளக்கல் சுவர்களே. கடல் எல்லாவற்றையும் கொண்டுபோவது மட்டுமே செய்வதில்லை என்பதற்கும் மாமல்லபுரத்தில் சான்று உண்டு. 2004 ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்றபின் வெளிப்பட்ட கல்வெட்டுகளின் தடம் பற்றிச் சென்ற தொல்லியல் துறையினர், அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் மணலுக்குள் புதைந்திருந்த முருகன் கோயிலைக் கண்டெடுத்தனர். அதன் அடியில் இருந்தது பல்லவருக்கு முற்பட்ட செங்கல் கட்டுமானம்.

மாலையில் தலசயனப் பெருமாள் கோயிலுக்குச் சென்றோம். பூதத்தாழ்வார் அவதரித்த தலம் இது. பெருமாள் இங்கே பாம்பணை இல்லாமல் தரையில் பள்ளிகொண்டிருக்கிறார். எங்கள் திருப்புல்லாணியில் கடலரசனிடம் வழி கேட்டு இராமர் தருப்பைப்புல்லின் மேல் கிடக்கிறார். இரண்டு ஊர்களையும் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். கடலோரத்தில் வெறுந்தரையில் படுத்த இறைவனை அவர் இரு கரைகளிலும் கண்டிருக்கிறார் என்ற எண்ணம் எனக்கு அந்தச் சன்னிதியில் பெரும் நிறைவைத் தந்தது.

ஊர் திரும்பிய அடுத்த அமாவாசைக்குத் தாத்தாவுக்குத் திதி கொடுக்கத் தேவிபட்டினம் சென்றோம். பெண் கடல் என்று நாங்கள் சொல்லும் பாக்கு நீரிணைப் பக்கத்தில், அலையடங்கிய நீருக்குள், நவக்கிரகங்களைக் குறிக்கும் நவபாஷாணத்தின் ஒன்பது கற்களும் நின்றன. இராமர் நட்டவை என்று வணங்கி வருகிறோம். நவதானியம் இட்டு வலம் வந்த அப்பா, ஒரு கல்லின் அருகே நின்று, இடுப்பளவு நீரில் குனிந்து அதன் பக்கவாட்டை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார்.

"இத எங்கேர்ந்து தம்பி கொண்டாந்திருப்பாங்க?" என்று கேட்டார்.