கியர் லிவர் மாற்றப் போய்

என்னுடைய மியாட்டா 1992 மாடல். சிவப்பு நிறம், 1.6 லிட்டர் இன்ஜின், இரண்டே சீட், துணிக்கூரை. மஸ்தா இதை 1989-ல் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டியபோது இதன் பலம் 116 குதிரைத்திறன்தான், இன்றைக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடுகிற வேன்கூட நெடுஞ்சாலையில் என்னை முந்திக்கொண்டு போகும். ஆனாலும் இதை ஓட்டினால் சிரிப்பு வருகிறதென்றால் அதற்குப் பாதிக் காரணம் கியர் லிவர். இன்ஜின் முன்னால், இழுப்பது பின்சக்கரம், நடுவில் கியர்பாக்ஸ், அதன் தலையிலேயே லிவர் நேராக உட்கார்ந்திருக்கிறது. முன்சக்கரம் இழுக்கும் கார்களைப் போல நடுவில் கேபிள் எல்லாம் கிடையாது. கியர் விழுவது உள்ளங்கையில் தெரியும்.

தெரிய வேண்டும். என் காரில் தெரியவில்லை. லிவரைப் பிடித்தால் குழம்புச் சட்டியில் கரண்டியை விட்டுத் துழாவுவது போல இருக்கும், மூன்றாவது விழுந்ததா ஐந்தாவது விழுந்ததா என்று கிளட்சை விட்ட பிறகுதான் புரியும். நியூட்ரலில் நின்றால் லிவர் தானாக நடுங்கும். கோடையில் அரை மணி நேரம் ஓட்டினால் லிவரின் அடியிலிருந்து சூடு வந்து வலது கெண்டைக்காலைச் சுடும், கூடவே கியர் ஆயில் வாசனை. இதையெல்லாம் பார்த்து நான் எடுத்த முடிவு: லிவர் சரியில்லை, ஷார்ட் ஷிஃப்டர் ஒன்று வாங்கிப் போட வேண்டும். (டாக்டரிடம் போகாமல் நாமே நோயைக் கண்டுபிடிக்கிற பழக்கம், வேறென்ன.)

ஷார்ட் ஷிஃப்டர் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. லிவரின் நடுவில் ஓர் உருண்டை இருக்கும், அதுதான் அச்சு. உருண்டைக்கு மேலே கை பிடிக்கிற நீளம், கீழே கியர்பாக்ஸுக்குள் போகிற குட்டி நீளம். மேல் நீளத்தைக் குறைத்தாலோ கீழ் நீளத்தைக் கூட்டினாலோ கை நகர வேண்டிய தூரம் குறையும். ஆனால் கடப்பாரையால் கல்லைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், கடப்பாரை குட்டையாக ஆக முக்க வேண்டியது கூடும். நான் வாங்கியதில் தூரம் 30 சதவீதம் குறையும் என்று போட்டிருந்தது. அப்படியென்றால் முன்பு 10 கிலோ கொடுத்த இடத்தில் இனி 14 கிலோ கொடுக்க வேண்டும். இலவசமாக எதுவும் வருவதில்லை. சின்ன வயதில் ஊர் பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போகும்போது, ஏன் இவ்வளவு நீளமான கம்பியை வைத்து மல்லுக்கட்டுகிறார் என்று நினைத்திருக்கிறேன். குட்டையாக இருந்திருந்தால் அவர் கை தோளோடு கழன்றிருக்கும்.

லிவர் 200 டாலரை நெருங்கியது. வாங்கும்போதே, எப்படியும் பிரிக்கப் போகிறோமே என்று லிவரைச் சுற்றி மூடுகிற ரப்பர் உறை (பூட் என்பார்கள்) இரண்டும், லிவரின் கீழ் நுனியில் தொப்பி மாதிரி மாட்டுகிற நைலான் புஷ் ஒன்றும் சேர்த்து வாங்கினேன். அவை எல்லாம் சேர்ந்தும் 50 டாலர் வரவில்லை. இந்த 50 டாலரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, இங்கே டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஒருவழியாகக் குளிர் விட்டதும் வேலையை ஆரம்பித்தேன். இந்த வேலையின் பெரிய சுகம், காரைத் தூக்கவே வேண்டாம். ஜாக்கி இல்லை, அடியில் படுப்பது இல்லை, எல்லாம் சீட்டில் உட்கார்ந்தபடியே. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்துக்கொள்ள வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிடுவது நல்லது, இந்தக் காரில் அது டிக்கிக்குள் வலது மூலையில் ஒளிந்திருக்கும். லிவரின் குமிழைத் திருகிக் கழற்றி, நடுக் கன்சோலின் (இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஓடுகிற பிளாஸ்டிக் மூடி) ஸ்க்ரூக்களை எடுத்தால் அது மேலே வரும். ஆனால் சட்டென்று இழுக்கக் கூடாது. பவர் விண்டோ சுவிட்சும் சிகரெட் லைட்டரும் அதில்தான் இருக்கின்றன, பின்னால் வயர். பெட்ரோல் மூடியைத் திறக்கிற கைப்பிடிகூட அதன் பெட்டிக்குள்தான். முப்பது வருஷத்துக்கு மேலான பிளாஸ்டிக் வேறு, அப்பளம் மாதிரி உடையும். என்னுடையதில் ஒரு மூலை உடைந்தது. பரவாயில்லை, உள்பக்கம்.

கன்சோலுக்கு அடியில் முதல் ரப்பர் பூட். நான்கு போல்ட், 10 எம்எம் சாக்கெட். அதை எடுத்தால் கீழே இன்னொரு சின்ன பூட், அதுதான் கியர்பாக்ஸின் வாயை மூடுகிற மூடி. மேலே இருந்தது வெடித்திருந்தது. கீழே இருந்ததைப் பூட் என்றே சொல்ல முடியாது, லிவரைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் மிச்சம், மற்றதெல்லாம் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டை வழியாகக் கீழே சைலன்சர் குழாயின் சூடும் கியர்பாக்ஸின் சத்தமும் நேராக என் காலுக்கு வந்திருக்கின்றன. லிவரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்!

மூன்று போல்ட்டை எடுத்து லிவரை மேலே இழுத்தால் 'ளக்' என்று ஒரு சத்தத்தோடு வந்துவிடும். வந்தவுடன் முதல் வேலை, அந்தக் குழிக்குள் ஒரு சுத்தமான துணியை அடைப்பது. ஒரு போல்ட் உள்ளே விழுந்தால் அப்புறம் அது உங்கள் பிரச்சினை இல்லை, கியர்பாக்ஸின் பிரச்சினை.

லிவர் இறங்குகிற இந்தக் குழிக்குத் தனியாக ஆயில் உண்டு. கியர்பாக்ஸில் இருக்கிற 2 லிட்டர் வேறு, இது வேறு. 80 மில்லிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கீழே கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றினாலும் இது மாறாது, அதனால் யாரும் இதைத் தொடுவதே இல்லை. என் காரில் அந்த இடத்தில் இருந்தது ஆயில் இல்லை, அடுப்புக்கரியைக் குழைத்த மாதிரி அடியில் ஒரு வண்டல். இருமல் மருந்துக்கு வாங்கின சிரிஞ்சில் ஒரு ட்யூப் மாட்டி உறிஞ்சி, துணியால் துடைத்து, திரும்பவும் உறிஞ்சி, ஒரு மணி நேரம் இதிலேயே போனது. வீட்டிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, அந்த சிரிஞ்சைத் திரும்ப உள்ள கொண்டு வந்துடாதீங்க."

இனி என் முட்டாள்தனம். புதிய லிவரின் நுனியில் புதிய நைலான் புஷ்ஷை மாட்டி, கிரீஸ் தடவி உள்ளே இறக்கினேன். உட்காரவில்லை. முழுதாக இறங்காமல் சில மில்லிமீட்டர் மேலேயே நின்றது. எடுத்தேன், திருப்பினேன், இறக்கினேன், அதே கதை. தப்பான லிவரை அனுப்பிவிட்டார்கள் என்று முடிவு கட்டி, கடைக்குக் காரமாக ஒரு மெயில் தட்ட ஆரம்பித்தேன். அப்போது எதிர்வீட்டுப் பையன் வந்தான். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பகலில் ஒரு கராஜில் வேலை பார்க்கிறான், கார் பானெட் திறந்திருந்தால் வாசனை பிடித்துக்கொண்டு வந்துவிடுவான். இன்றைக்கு பானெட்கூடத் திறக்கவில்லை, எப்படி வந்தான் என்று தெரியவில்லை.

"என்ன அண்ணை, பழைய புஷ்ஷை எடுத்தனீங்களோ?"

"லிவரோட வந்திருக்கும்பா."

"அந்த லிவரைக் காட்டுங்கோ பாப்பம்."

காட்டினேன். நுனியில் ஒன்றும் இல்லை. டார்ச்சை வாங்கிக் குழிக்குள் அடித்தான். கியரைத் தள்ளுகிற கம்பியின் கிண்ணத்துக்குள், வண்டலின் நிறத்திலேயே, பழைய புஷ் சமத்தாக உட்கார்ந்திருந்தது. நான் அதன் தலைமேல் இன்னொன்றைச் செருகப் பார்த்திருக்கிறேன். நீள மூக்குக் குறடால் பிடித்து இழுத்ததும் இரண்டு துண்டாக வந்தது. எப்போதோ பிளந்திருக்கிறது. லிவரின் நுனி இத்தனை நாளும் அந்தப் பிளவுக்குள் ஆடிக்கொண்டுதான் கியர் போட்டிருக்கிறது. எழுதின மெயிலை அழித்தேன்.

அதற்குப் பிறகு பதினைந்து நிமிஷ வேலை. 75டபிள்யூ-90 ரக கியர் ஆயிலை அளந்து ஊற்றி, லிவரை இறக்கினால் இந்த முறை வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி உட்கார்ந்தது. புது பூட், மூன்று போல்ட். அலுமினியத்தில் இறங்குகிற சின்ன போல்ட்கள் என்பதால் பலத்தைக் காட்ட வேண்டாம், மரை போய்விடும். கன்சோலை மாட்டுவதற்கு முன்பு இன்ஜினை நிறுத்தியபடியே கிளட்சை மிதித்து ஐந்து கியரும் ரிவர்ஸும் விழுகின்றனவா என்று பாருங்கள். நான் பார்த்தேன், ஒன்பது முறை.

ஓட்டிப் பார்த்தால், அடடா. மணிக்கட்டு அசைந்தாலே கியர் மாறுகிறது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவது சுவிட்ச் தட்டுகிற மாதிரி. காலில் சூடு இல்லை, வாசனை இல்லை, சத்தம் பாதியாகிவிட்டது. குறையும் உண்டு. தூரம் குறைந்தது முன்பின்னாக மட்டும் இல்லை, பக்கவாட்டிலும்தான். ஐந்திலிருந்து நான்குக்கு அவசரமாக இறக்கும்போது கை கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தால் இரண்டில் போய் விழும், அந்த வேகத்தில் கிளட்சை விட்டால் இன்ஜின் செத்தது. முதல் வாரம் நெடுஞ்சாலையில் பயந்து பயந்துதான் கியர் இறக்கினேன்.

இன்னொன்று, காலைக் குளிரில் இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது இந்தக் கார்களின் பிறவிக்குணம். கியர்பாக்ஸுக்குள் சிங்க்ரோ வளையம் என்று ஒன்று கூம்பின் மேல் உரசி இரண்டு பக்கத்து வேகத்தையும் சமமாக்கின பிறகுதான் கியரை உள்ளே விடும். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருந்தால் நடுவில் இருக்கிற ஆயில் படலம் விலக நேரமாகும், உரசல் பிடிக்காது. இதை எந்த லிவரும் மாற்றாது. சொல்லப்போனால் குட்டை லிவரில் இன்னும் மோசம், அதே முரண்டை 14 கிலோ கொடுத்துச் சமாளிக்க வேண்டும். பலமாகத் தள்ளினால் தேய்வது அந்த வளையம்தான். முதல் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குப் பொறுமையாக, ஒரு நொடி அழுத்திப் பிடித்து, அதுவாக விழட்டும் என்று விடுகிறேன்.

பையன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சொன்னான். "நல்லாத்தான் இருக்கு அண்ணை. ஆனா இதில எவ்வளவு லிவர், எவ்வளவு புஷ் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

அந்தக் கேள்வி ஒரு மாதம் மண்டைக்குள் குடைந்தது. ஜூன் கடைசியில் ஒரு நாள் பழைய லிவரைச் சுத்தம் செய்து, நுனியில் இன்னொரு புது புஷ்ஷைப் போட்டு, திரும்ப மாட்டினேன். வழி தெரிந்துவிட்டதால் நாற்பது நிமிஷம்தான் ஆனது. ஓட்டினேன். சூடு இல்லை, வாசனை இல்லை, நடுக்கம் இல்லை, மூன்றாவது எது ஐந்தாவது எது என்று கை தெளிவாகச் சொன்னது. கை போகிற தூரம் மட்டும்தான் கூட. நான் வெறுத்த லிவர் இது இல்லை, இதற்குக் கீழே பிளந்து கிடந்த அந்த நைலான் துண்டும் கிழிந்த ரப்பரும். முதலில் அந்த 50 டாலர் சாமானை மட்டும் போட்டு ஓட்டிப் பார்த்திருந்தால் மிச்ச 200 டாலரைச் செலவழித்திருப்பேனா என்பது சந்தேகம். உங்கள் காரில் இதே மாதிரி ஆட்டம் இருந்தால் அந்த வரிசையில் செய்யுங்கள்.

பழைய லிவரோடு இரண்டு வாரம் ஓட்டினேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெடுஞ்சாலையில் ஏறுகிற வளைவில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது அந்த சுவிட்ச் தட்டுகிற சுகம் ஞாபகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சாக்கெட் பெட்டியை எடுத்தேன். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் ஒன்றும் சொல்லவில்லை, கன்சோலைக் கழற்றுவது இது மூன்றாவது முறை. இந்த முறை உடைந்தது வெளிப்பக்கம்.