கை அறுவை மேசையும் அதன் காலும்

பினாங்கின் பாயான் லெப்பாசில் மருத்துவக் கருவி வடிவமைப்பில் இருப்பவள் என்ற முறையில், கை அறுவை மருத்துவர்களின் மேசையைப் பற்றி எழுத விரும்புகிறேன். நோயாளியின் கையை நீட்டி வைக்கும் சிறு பலகையின் இருபுறமும் மருத்துவரும் உதவியாளரும் எதிரெதிரே அமர்ந்து, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள விரல் தமனியை, தலைமுடியைவிட மெல்லிய, 10-0 என்ற அளவுள்ள நைலான் இழையால் தைக்கிறார்கள். முழங்கை ஊன்றிய பலகை சற்றே அசைந்தாலும் அந்த அசைவு ஊசி முனையில் தெரியும்.

பலகை அசையாதிருக்க அதன் வெளி முனைக்குக் கீழே ஒரு கால் வைக்கிறார்கள்; அதுவே மருத்துவரின் முழங்காலில் இடிப்பதால், அவர் இடுப்பைத் திருகி அமர்ந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் கழுத்தைக் குனிந்தபடி மணிக்கணக்கில் வேலை செய்ய நேர்கிறது. காலை எடுத்துவிட்டால் பலகை தொய்கிறது. உலோகச் சட்டம் கொடுத்துத் தாங்கலாமென்றால், அறுவையின் நடுவே எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் எலும்பை அது மறைத்துவிடும். எக்ஸ்ரே படத்தில் எலும்பை மறைக்காத கார்பன் இழைப் பலகையை அறுவைக் கட்டிலின் பக்கத் தண்டவாளத்தில் இரண்டு இடங்களில் இறுகப் பூட்டுவதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. விலை கூடும், ஆனால் மருத்துவரின் முதுகு அதைவிட விலை உயர்ந்தது.



பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அறுவை அறையில் பணிபுரியும் தாதியரும் மருத்துவர்களும், உங்கள் மேசையில் முழங்கால் எங்கே இடிக்கிறது என்பதை அன்புகூர்ந்து எழுதுங்கள்.