கிட்டார் வாசிப்பவரின் முதல் சிந்தசைசர்

இன்று நண்பரின் கோர்க் மோனோட்ரான் என்ற சிந்தசைசரில், அதாவது மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் கருவியில், ஒலியை மங்கலாக்கவும் துலக்கவும் உதவும் ஃபில்டர் குமிழை மெல்லத் திருப்பினேன். மங்கிக் கிடந்த ஒற்றைச் சுரம் வாய் திறந்து பாடியது!

கிட்டாரில் கம்பியை மீட்டிய நொடியிலிருந்தே ஒலி தேயத் தொடங்கிவிடும். இங்கே விரலை எடுக்கும்வரை நிற்கிறது. அந்த நீட்சிக்காக எத்தனை காலம் ஏங்கியிருக்கிறேன்!

2010இல் வெளிவந்த இந்தக் கையடக்கக் கருவியில், வெளி ஒலியை உள்ளே செலுத்தவும் ஒரு துளை இருக்கிறது. கிட்டாரின் ஒலியைச் சற்றுப் பெருக்கி அனுப்பினால் அதுவும் அதே ஃபில்டர் வழியாக வரும். கிட்டார் கலைஞருக்கு இதைவிட இணக்கமான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிக்க ஆசையென்றால், அதே கோர்க் நிறுவனத்தின் வோல்கா கீஸ் என்ற சிந்தசைசர் பொருந்தும்.

நூற்றுக்கணக்கான ஆயத்த ஒலிகளைப் பார்த்து மயங்காதீர்கள். குமிழ்கள் கைக்கு எட்டும் சிறிய கருவியையே முதலில் வாங்குங்கள்.