வாரியர் மாதிரிக் கப்பல்: எந்த ஆண்டைச் செய்வது?

பிரிட்டனின் ‘வாரியர்’ போர்க்கப்பலை 1:200 அளவில் செய்யத் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. 128 மீட்டர் நீளமுள்ள கப்பல் என் மேசையில் 64 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிட்டது. பால்சா மரத்தில் உடலைச் செதுக்கியது குறித்துச் சொல்ல அதிகமில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் கை வலித்ததுதான் மிச்சம்.

சிக்கல் கவசத்தில் தொடங்கியது. 1859இல் பிரான்ஸ் வெள்ளோட்டம் விட்ட ‘குளுவார்’ மர உடலின் மேல் இரும்பு போர்த்தியது; அதற்குப் போட்டியாக 1860 டிசம்பர் 29 அன்று தேம்ஸ் நதியில் இறங்கிய வாரியருக்கோ உடலே இரும்பு. அந்த உடலின் மேல் சுமார் 46 சென்டிமீட்டர் தேக்கும், தேக்கின் மேல் 11.4 சென்டிமீட்டர் தேனிரும்பும் பொருத்தினார்கள். என் அளவில் தேக்கு 2.3 மில்லிமீட்டர், இரும்பு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தச்சுப் பட்டறையில் கிடைத்த தேக்குச் சீவலின் மேல் அட்டையை வெள்ளைப் பசையால் ஒட்டினேன். மறுநாள் காலையில் ஈரம் ஊறி அட்டை அப்பளம்போல் உப்பியிருந்தது. எல்லாவற்றையும் உரித்துவிட்டு பிளாஸ்டிக் தகட்டை உடனடிப் பசையால் ஒட்டியபிறகே படிந்தது. கவசம் கப்பலின் நடுவில் சுமார் 65 மீட்டருக்கு மட்டுமே உண்டு என்பதால், நான் ஒட்ட வேண்டியிருந்தது பக்கத்துக்கு 32.5 சென்டிமீட்டர்தான். சுக்கானை இயக்கும் பொறியமைப்பு இந்தக் காப்புக்கு வெளியே, பின்புறத்தில் இருந்தது; இவ்வளவு யோசித்தவர்கள் அதை ஏன் அப்படி விட்டார்கள் என்று ஒட்டும்போதெல்லாம் தோன்றியது.

பாய்விரித்து ஓடும்போது, பத்து டன் எடையுள்ள உந்துவிசிறி நீரை இழுத்து வேகத்தைக் குறைக்காதிருக்க, அதைச் சட்டத்தோடு கழற்றி மேலே தூக்குவார்கள். கயிறு பிடிக்க அறுநூறு பேர்வரை தேவைப்பட்டனர். இரண்டு புகைபோக்கிகளையும் கீழே இறக்கிவிடுவார்கள். நான் பித்தளைக் கம்பியில் சட்டம் வளைத்து, தையல் நூலைக் கட்டி, ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தேன். மூன்றாம் முறைதான் சாயாமல் ஏறியது. புகைபோக்கிக்கு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு பேனாக் குழாய்கள் போதுமானவையாக இருந்தன.

இனி கப்பலின் முன்முனையில் நிற்கும் முகப்புச் சிலை. வாளேந்திய வீரனை ஊசிமுனையால் செதுக்குவது என் கண்ணுக்கு எட்டாத வேலை. 1868இல் ‘ராயல் ஓக்’ கப்பலோடு மோதியதில் சிலை போய்விட்டது என்பதால், அந்த ஆண்டைத் தேர்ந்துகொண்டு தப்பிக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் 1864க்கும் 1867க்கும் இடையே பீரங்கிகளை மாற்றியிருந்தார்கள். நான் மேல்தளத்தில் ஏற்கெனவே 1861ஆம் ஆண்டுப் பீரங்கிகளை ஒட்டி முடித்திருந்தேன். 1929இலிருந்து ஐம்பது ஆண்டுகள் வேல்ஸின் பெம்புரோக் துறையில் எண்ணெய் நிரப்பும் மிதவையாகக் கிடந்த கோலத்தைச் செய்திருந்தால், பாய்க்கயிறு கட்டும் வேலைகூட இல்லாமல் போயிருக்கும்.

வேறு வழியின்றி 1861ஐயே வைத்துக்கொண்டேன். இதுவரை செதுக்கிய இரண்டு வீரர்களுக்கும் வாள் முறிந்துவிட்டது. மூன்றாமவனுக்கு வாளை மட்டும் செப்புக் கம்பியில் தனியாகச் செய்து ஒட்டுவதாக இருக்கிறேன்.